இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

கிருபை,

கர்த்தருடைய தயவால் இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மையும் நன்றாகத்தான் இருக்கிறாள். மனசுதான் சரியில்லை. அதற்குக் காரணம் நான்தான். மாப்பிள்ளை உனக்காகக் கேட்ட துப்பாக்கியை வாங்கியாகிவிட்டது. அதை வாங்கிய கதையை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடவேண்டும். சொன்ன பிறகு நீ என்னை என்ன நினைத்தாலும் அது நியாயம்தான்.

போன மாசம் மாப்பிள்ளை பாளையங்கோட்டைக்கு வந்தபோது நடையில் உட்கார்ந்து தோட்டத்து நிலவரத்தை எல்லாம் சொன்னார். கொய்யா பிஞ்சு விட்டதுமே பாபநாசம் மலையிலிருந்து கிளிகள் கூட்டமாக இறங்கிவிடுகின்றன, ஒரு பழத்தை முழுசாகத் தின்பதும் இல்லை, கடித்துக் கடித்துக் கீழே தள்ளுகின்றன என்றார். தகரம் தட்டியும் கவண் வீசியும் பார்த்தாயிற்று, இன்னொரு போகம் இப்படிப் போனால் குத்தகையை விட்டுவிட்டு ஊர் திரும்பவேண்டியதுதான் என்றார். அவருக்குக் கண்ணாடி போட்டாலும் தூரத்துக் கிளை தெரியாது. அதனால் பக்கத்து எஸ்டேட்டில் இரவல் வாங்கிய காற்றுத் துப்பாக்கியை நீ எடுத்துச் சுட்டாயாம். இரண்டு கிளி விழுந்ததும் மற்றதெல்லாம் மலைக்கே பறந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அந்த மனுஷன் முகத்தில் எவ்வளவு பெருமை தெரியுமா. பிறகு குரலைத் தாழ்த்தி, உன் கன்னம் கன்றிப்போயிருக்கிறது, வலது கைச் சுண்டுவிரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது என்றார். அந்தத் துப்பாக்கி வலது கைக்காரனுக்காகச் செய்தது. கன்னம் பதிவதற்குக் கட்டையில் செதுக்கிய மேடு ஒரு பக்கம்தான் இருக்கிறது. நீ இடது தோளில் வைத்தால் மேடு அந்தப் பக்கம் போய்விடும், கட்டையின் விளிம்பு உன் கன்ன எலும்பில் இடிக்கும். குண்டு போடுகிற திருகும் வாட்டமில்லாத பக்கம் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைப் புரட்டவேண்டியிருக்கிறது. அப்படிப் புரட்டும்போதுதான் அடியில் சுருள்கம்பியை இழுத்து மாட்டுகிற இரும்புக் கைப்பிடி நழுவி விரலில் அடித்திருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "மாமா, அவளுக்கு இடது கைதான் வாட்டம். அதுக்குத் தக்கன ஒண்ணு பாத்து வாங்கித் தாங்க" என்றார். பெண்டாட்டி உயரம், பெண்டாட்டி சிவப்பு என்று ஒருவன் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினேன். வெளியே யாரோ பேசிக்கொண்டு நின்றார்கள், அவர்கள் காதில் விழுந்துவிடுமே என்று. மாப்பிள்ளை நான் ஏன் கதவைச் சாத்துகிறேன் என்று புரியாமல் பார்த்தார். வெயில் அடிக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

உனக்கு நினைவிருக்கும். நீ சிலேட்டைத் தொட்ட வயசிலிருந்தே நான் உன் இடது கையை உன் அம்மையின் பழஞ்சேலைக் கிழிசலால் முதுகுப்பக்கம் கட்டிவிட்டுத்தான் எழுத வைத்தேன். சோற்றில் அந்தக் கை பட்டால் தட்டை எடுத்துவிடுவேன். நீ அழுது அடம்பிடித்திருந்தாலாவது எனக்கு உறைத்திருக்கும். நீ அழவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாய். அடக்கமான பிள்ளை என்று கோயிலில் எல்லாரும் சொன்னபோது, நான் வளர்த்த வளர்ப்பு என்று தலையை ஆட்டினேன். தாலுகா கச்சேரியில் இத்தனை வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எழுத்து ஒரு பக்கம் சாய்ந்தாலே பொறுக்காது எனக்கு. பிள்ளை சாய்ந்தால் எப்படிப் பொறுப்பேன்? அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தக் கை தன்னால் முன்னே வந்துவிடுமோ என்று, காயமே இல்லாத உன் இடது கை விரல்களில் துணியைச் சுற்றி, அரிவாள்மணையில் வெட்டிக்கொண்டேன் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னேன். நீ அந்தத் துணியோடு காப்பித் தட்டைக் கொண்டுவந்தாய். உன் மாமியார், ஐயோ பாவம், ரொம்ப வலிக்குதா என்று கேட்டார். நீ என்னைப் பார்த்துவிட்டு, இல்லை என்றாய். ஒரு பெண்ணைப் புது வீட்டுக்கு அனுப்பும்போது முதல் வார்த்தையாகப் பொய்யைச் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் நான்.

இத்தனைக்கும் பிறகு, மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட பிறகாவது, எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. அடுத்த சனிக்கிழமை திருநெல்வேலிப் பாலத்து ஸ்டேஷனில் ரயிலேறித் தூத்துக்குடிக்குப் போனேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு சீமைச் சாமான் கடையில் காற்றுத் துப்பாக்கிகள் வந்து இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரர் வாய் ஓயாத மனுஷர். மருந்து வேண்டாம், தீ வேண்டாம், உள்ளே இருக்கிற சுருள்கம்பியை அழுத்தி மாட்டிவிட்டு விசையைத் தொட்டால் அது தெறித்துக் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும் என்று எனக்குத் தெரியாத சங்கதியைச் சொல்வதுபோல விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லிவிட்டு, யாருக்கு அண்ணாச்சி என்று கேட்டார். மகளுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். "எனக்குத்தான்" என்று வந்துவிட்டது. அதோடு விட்டேனா? இடது தோளுக்குத் தக்கதாக வேண்டும் என்றும் சொன்னேன். வேறு எப்படிக் கேட்பது?

சரி, தோளில் வைத்துப் பாருங்கள் என்று ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அதை இடது தோளில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. எந்தக் காலை முன்னால் வைப்பது, எந்தக் கை கட்டையைத் தாங்குவது, ஒன்றும் புரியவில்லை. இடது கண்ணால் குறி பார்க்க வலது கண்ணை மட்டும் மூடவேண்டுமாம். எனக்கு அது மட்டும் மூடவே இல்லை. இரண்டும் சேர்ந்து மூடின. விசையைத் தேடிய இடது கை விரல் யாருடைய விரலோ மாதிரி இருந்தது. ஐம்பது வயசைத் தாண்டிய மனுஷன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில், கிருபை, சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தது என் கண்ணுக்கு வந்தது. நான் அங்கே கொஞ்ச நேரம்தான் நின்றேன். நீ எத்தனை வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தாய்.

அப்போது பார்த்து உன் சின்ன மாமனார் கடைக்குள் வந்தார். தூத்துக்குடியில் தாம் வேலை பார்க்கும் பஞ்சு ஆபீஸிலிருந்து ஏதோ வாங்க வந்திருக்கிறார். கடைக்காரர் சும்மா இருக்கக் கூடாதா, ஐயாவுக்கு இடது கைப் பழக்கமாம் என்று அவரிடம் சொன்னார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீரு எப்பம் வே இடது கை ஆனீரு, சம்பந்தி?" என்றார். வலது தோளில் வாயுப் பிடிப்பு என்றேன். மறுபடியும் ஒரு பொய். அவர் இன்னும் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில், இதெல்லாம் வேண்டாம், நல்லதாகப் பார்த்து ஒன்றைக் கட்டுங்கள் என்றேன். கடைக்காரர் தமது கடையிலேயே உசத்தியானதை எடுத்தார். அக்ரூட் மரக் கட்டை, வழவழவென்று, கன்னத்துக்கு மேடு செதுக்கி, பக்கத்தில் பித்தளைத் திருகு வைத்தது. பார்த்ததுமே தெரிந்தது, மாப்பிள்ளை எதைச் சொல்லி வருத்தப்பட்டாரோ அதே ஜாதிச் சரக்கு என்று. தெரிந்தேதான் வாங்கிக்கொண்டு வந்தேன். உன் கன்னத்தை விட என் முகம் எனக்குப் பெரிதாக இருந்தது.

ரயிலில் வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழகினால் சரியாகிவிடும், வலது தோளில் வைத்துப் பழகட்டும், பிள்ளைகள் எதற்கும் பழகுவார்கள் என்று. அதே பழைய பேச்சுதான், பார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்து உன் அம்மையைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன். அவளும் நீயும் ஒரே உடல்வாகு. அவளால் கைப்பிடியை இழுத்துக் கம்பியை மாட்ட முடிந்தால் உன்னாலும் முடியும் என்று கணக்கு. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அதைத் தூக்கித் தோளில் வைத்தாள். இடது தோளில். வலது கண் தானாக மூடிக்கொண்டது. கால்கள் வாகாக நின்றன. கட்டையில் கன்னத்தைச் சாய்த்தவள் முகத்தைச் சுளித்து, "இந்த மேடு அந்தப் பக்கமில்லா நிக்கி. இது பிள்ளைக்குச் சரிப்படாது" என்றாள். நான் பார்க்கிற பார்வையிலிருந்துதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. துப்பாக்கியைத் துணிதுவைக்கிற கல்லின்மேல் பைய வைத்தாள்.

உன் அம்மையின் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. நீயும் சின்ன வயசில் தடவித் தடவிக் கேட்பாய். அடுப்பில் சுட்டது என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னாள். நானும் அதற்குமேல் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் சொன்னாள். அது அவளுடைய அப்பா போட்ட சூடு. ஆழ்வார்திருநகரி பக்கத்தில் அவர்கள் வீட்டில் அவளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த காலத்தில், கையை மாற்றமாட்டேன் என்றதற்காக. அதன் பிறகு மாற்றிக்கொண்டாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவள் அரைத்த மாவைச் சாப்பிட்டிருக்கிறேன், தைத்த சட்டையைப் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. நான் வெளியே போன பிறகுதான் ஊசியை இடது கைக்கு மாற்றுவாளாம்.

பிள்ளை கையைக் கட்டியபோதே நீ ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. தப்பு என்னுடையது, கேள்வி அவளுக்கா? அவள் கோபப்படவில்லை. "நீங்க அவ கையக் கட்டினப்போ, சூடு போடலியேன்னு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்னை ஊரில் யாரும் கொடுமைக்காரன் என்று சொன்னதில்லை. ஆனால் என் வீட்டில் ஒருத்தி, இவன் இந்த அளவோடு நிறுத்தினானே என்று கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

மறுவாரம் இருவருமாகத் தூத்துக்குடிக்குப் போனோம். கடையில் அன்றைக்கும் ஆள் இருந்தது. நான் பெட்டியைப் பலகைமேல் வைத்து, "போன தடவை எனக்குன்னு சொன்னது பொய். என் மகளுக்கு வேணும். அவ இடது கைக்காரி" என்றேன். சொன்ன பிறகு என்ன ஆனது தெரியுமா? ஒன்றுமே ஆகவில்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதை முதல்லயே சொல்லப்படாதா என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டு உள்ளே போனார். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தேன் என்று எனக்கே கேவலமாக இருந்தது.

இடது கைக்கென்றே தனியாகச் செய்த காற்றுத் துப்பாக்கி எதுவும் தம்மிடம் வந்ததில்லை என்றார். அப்படியானால் எந்தக் கைக்கும் பக்கம் பார்க்காத ஒன்றைத்தான் தேடவேண்டும் என்று மூவருமாகப் பார்த்தோம். ஜெர்மனிக்காரன் செய்த ஒரு வகை கிடைத்தது. அதில் குழலே நடுவில் மடங்கும். மடக்கினால் கம்பி மாட்டிக்கொள்ளும். குழலின் பின்பக்கத் துளை அப்போது உன் முகத்துக்கு நேராகத் திறந்து நிற்பதால் குண்டை நேரே வைத்துவிடலாம். பக்கத்தில் திருகு கிடையாது. கட்டை இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது, மேடு இல்லை, வளைவு இல்லை. அதைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னபோது உன் அம்மை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அத்தனை பேருக்கும் முன்னால் இடது தோளில் வைத்தாள். அதே வகையில் இரண்டு இருந்தன. கடைக்காரர் பலமான கம்பி வைத்ததைத்தான் தள்ளிவிடப் பார்த்தார். உன் அம்மையால் அதை மடக்க முடியவில்லை. மற்றதைத் தொடையில் ஊன்றி ஒரே இழுப்பில் மடக்கினாள். கிளிக்கு இது போதும், பலமான கம்பியை மடக்கித் தளர்ந்துபோன கையால் குறி வைக்க முடியாது என்று நான் அதையே எடுத்தேன். பழையதைத் திருப்பிக்கொள்ள அவர் முணுமுணுத்துத்தான் சம்மதித்தார்.

நீ கவனிக்கவேண்டிய சிலதை இங்கேயே எழுதிவிடுகிறேன். குழல் மடங்கியிருக்கும்போது வலது கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டே குண்டை வை. கம்பி நழுவினால் குழல் விருட்டென்று நிமிரும், விரல் போய்விடும். குண்டு இல்லாமல் வெறுமனே சுடாதே, உள்ளே இருக்கும் தோல் வளையம் கெட்டுவிடும். மாட்டியபடி நெடுநேரம் வைத்தால் கம்பி தளர்ந்துவிடும். எண்ணெய் ஒரு சொட்டுக்குமேல் வேண்டாம், கூடினால் புகையும். சுடும்போது இறுக்கிப் பிடிக்கவேண்டாம். இது முன்னும் பின்னுமாக ஒரு குலுக்குக் குலுக்கும், உள்ளங்கையை விரித்துச் சும்மா தாங்கிக்கொண்டாலே குறி தப்பாது. இறுக்கினால்தான் தப்பும். இது கடைக்காரர் சொன்னதில்லை, உன் அம்மை பின்கட்டில் சுட்டுப் பார்த்துச் சொன்னது. யாராவது குறுக்கே வருகிற இடத்தில் குழலை நீட்டாதே. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் அப்பன் சொல்வேன்.

துப்பாக்கியை மாற்றி வாங்கிய அன்றைக்கே தூத்துக்குடியில் உன் சின்ன மாமனார் வீட்டுக்கும் போனோம். வாயுப் பிடிப்பு ஒன்றும் இல்லை என்று தொடங்கி, விரலில் துணி சுற்றியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "அதெல்லாம் எங்களுக்கு அப்பமே தெரியும் வே. பொண்ணு பாக்க வாறதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமையே நானும் மைனியும், அவ மாமியாதான், உங்க கோயிலுக்கு வந்திருந்தோம். ஓய்வுநாள் பள்ளியில பிள்ளையளுக்குப் பலகையில எழுதிப் போட்டுக்கிட்டு நின்னா. இடது கையிலதான். நல்ல முத்து முத்தான எழுத்து" என்றார். நான் இல்லாத இடத்தில் நீ எந்தக் கையால் எழுதிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவர் மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "அவ கை எங்களுக்கு ஒரு குறையாத் தெரியலை. நீரு துணியச் சுத்தி மறைச்சீரே, அதுதான் சங்கடமா இருந்துச்சு. இன்னும் எதை எதை மறைக்காரோன்னு அண்ணன் ரெண்டு நாளு யோசிச்சாரு" என்றார்.

ஆக, உனக்கு வந்த நல்ல வாழ்வு உன் கையால் கெட்டிருக்காது, என் புத்தியால் கெட்டிருக்கும். இதை எழுத எனக்கு நாலு காகிதம் கிழிந்தது. மன்னிப்புக் கேட்பது சுலபம். நீ சின்னவளாக இருக்கும்போதே கேட்டிருந்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். இப்போது கேட்டால், நீ நல்ல பிள்ளை, உடனே பரவாயில்லை அப்பா என்று எழுதிவிடுவாய். அப்படி எழுதாதே. பரவாயில்லை என்று உனக்கு உண்மையிலேயே தோன்றுகிற ஒரு நாள் வந்தால், அன்றைக்கு எழுது. வராவிட்டாலும் நான் உன் அப்பன்தான். தோட்டத்துக்கு வந்து தகரம் தட்டச் சொன்னாலும் தட்டுவேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரம் ஸ்டேஷனுக்குத் துப்பாக்கியை நானே கொண்டுவருகிறேன். மாப்பிள்ளையை வண்டி கொண்டுவரச் சொல். இதை முடித்து மடிக்கப் போனேன். உன் அம்மை பக்கத்தில் வந்து நின்று, தானும் இரண்டு வரி எழுதவேண்டும் என்று பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். அவள் அதை எந்தக் கையில் வாங்கினாள் என்பது கீழே இருக்கிற எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நான் அடித்துத் திருத்தவில்லை.

ஏளா கிருபை இது அம்மை எழுதுதேன். இந்தக் கையில எழுதி ரொம்ப நாளாச்சி. கோணலா இருக்கும் வாசிச்சிக்கோ.